பூனைக்கு மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள்!

மூத்திர அடைப்பாகவும் இருக்கலாம், உயிருக்கே ஆபத்து

வீட்டுப் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்க்கிறது. ஒன்றும் வரவில்லை. உடனே பலர் விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடுகிறார்கள். “குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்கு என்ன ஆயிடப் போவுது?” என்பது அவர்கள் வாதம்.

இது தப்பு. பூனையின் வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றினால், புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமோனியா வரும். மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமா இன்னும் மோசம். பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

கடுவனா? கவனம்!

முக்குவது கடுவன் பூனையா? மூத்திரம் போகிறதா என்று முதலில் பாருங்கள். கடுவனுக்கு மூத்திரக் குழாய் குறுகல். உப்புத் துகள் அடைத்துக்கொண்டால் சொட்டுக்கூட வராது. பார்ப்பதற்கு மலச்சிக்கல் மாதிரியே இருக்கும். ஆனால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரி ஆனாலும் டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். “காலையில பாத்துக்கலாம்” என்ற பேச்சே கூடாது.

தண்ணீர்தான் மருந்து

மூத்திரம் நன்றாகப் போகிறது, சாப்பாடும் இறங்குகிறது, மலம் மட்டும் உருண்டை உருண்டையாக இறுகி வருகிறது என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம்.

பூனை தானாகத் தண்ணீர் குடிப்பது குறைவு. உலர் தீனியிலோ ஈரம் சுமார் 10 சதவீதம்தான். எனவே டின்னில் வரும் ஈரத் தீனி கொடுங்கள். அல்லது மீன் வேகவைத்த தண்ணீரைச் சோற்றில் கலக்குங்கள். அதில் உப்பு, மசாலா கூடாது. வெங்காயம், பூண்டு பூனைக்கு விஷம்.

மஞ்சள் பூசணியை வெறுமனே வேகவைத்து மசித்து, 1 டீஸ்பூன் தீனியோடு பிசைந்து வைக்கலாம். பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆகும்.

தினமும் சீவிவிட்டால் நக்கி விழுங்கும் முடி குறையும். மணல் தட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். நாறும் தட்டில் பூனை ஏறாது, மலத்தை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க மலம் இறுகும்.

2 நாள் கெடு

2 நாள் ஆகியும் மலம் போகவில்லையா? வாந்தி எடுக்கிறதா? தீனியைத் தொடவில்லையா? வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கூடையில் பூனையைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, கடைசியாக மூத்திரம் போனது எப்போது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.