ஊரைச் சுற்றி ரோடு. ரோட்டைச் சுற்றி ஊர்!

திண்டிவனத்தில் இருந்து ஆந்திரா போகிற லாரிக்குச் சென்னைக்குள் என்ன வேலை? ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் முன்பெல்லாம் தாம்பரம், கிண்டி, கோயம்பேடு, பாடி என்று ஊருக்குள் புகுந்துதான் போக வேண்டும். பஸ்சில் ஆபீஸ் போகிறவர்கள் பாடு திண்டாட்டம்!

அதற்காக வந்ததுதான் பைபாஸ் ரோடு. பெருங்களத்தூரில் தொடங்கி மதுரவாயல் வழியாகப் புழல் வரை 32 கிலோ மீட்டர். லாரிகள் விலகின.

துரத்திய ஊர்

ஊர் சும்மா இருக்குமா? ரோட்டை ஒட்டி குடோன், கம்பெனி, பிளாட், வீடு என்று முளைத்தன. வெளியே போட்ட ரோடு ஊருக்கு நடுவே வந்துவிட்டது!

அடுத்து, இன்னும் வெளியே தள்ளி வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. சுமார் 62 கிலோ மீட்டர். 2021-ல் முழுதாகத் திறந்தார்கள். அதுவும் போதவில்லை. மாமல்லபுரம் பக்கம் இருந்து காட்டுப்பள்ளி வரை, 130 கிலோ மீட்டருக்கு மேல், மூன்றாவது ரோட்டு வேலை நடக்கிறது.

பழைய ரோடு?

லாரி போன இடத்தைக் கார் பிடித்துக்கொள்ளும் முன், அங்கே நடைபாதை வேண்டும். பஸ்சுக்கு வழி வேண்டும். ஜனம் நின்று நடந்தால்தானே கடையில் வியாபாரம்? புது ரோட்டோரம் கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும்.

இல்லாவிட்டால், நாலாவது பைபாசுக்கு நிலம் தேட வேண்டியதுதான்!