காற்றலைக் கணக்கு – 7: ஈப்போ ஏன் பகாங்கில் தெரிகிறது?

போன வாரம் ஹாம்களின், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களின், அழைப்புக்குறிகளைப் பார்த்தோம். 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கினால் தீபகற்ப மலேசியா, 9எம்6 சபா, 9எம்8 சரவாக். அப்படி ஒரு குறி எங்கோ ஒருவர் காதில் விழுந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கிறது?

கேட்டவர் ஒரு வரி எழுதிப் போடுவார். யாரைக் கேட்டேன், எந்த அலைவரிசையில், உலகப் பொது நேரப்படி எத்தனை மணிக்கு. ஹாம்கள் இதை ‘ஸ்பாட்’ என்பார்கள். இந்த வரிகளை நாடு நாடாகக் கடத்தும் டிஎக்ஸ் கிளஸ்டர்கள் 1980களிலேயே வந்துவிட்டன. இன்று அவற்றில் பலவற்றை ஓட்டுவது டிஎக்ஸ்ஸ்பைடர் என்ற திறந்த மூல மென்பொருள்.

பிறகு கூட்டம் பெருகிவிட்டது. மலையுச்சியிலிருந்து பேசுகிறவர்களுக்கு ஒரு தளம், பூங்காக்களிலிருந்து பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. மோர்ஸ் ஒலியை ஆளில்லாமலே படித்துப் பதியும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் வேறு. எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ரேடியோவைத் தொட நேரமிருக்காது. அதனால்தான் ஸ்பாட்ஹோல் போன்ற திரட்டிகளை எழுதினார்கள். பல இடத்து ஸ்பாட்களையும் அள்ளி ஒரே பட்டியலாக்கித் தருகிற மென்பொருள் அது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

அள்ளுவது சுலபம், ஒழுங்குபடுத்துவதுதான் பாடு. ஈப்போ ஹாம் ஒருவரை ஜப்பானில் கேட்டு ஸ்பாட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் பெரும்பாலும் ஊர் இருக்காது, அழைப்புக்குறி மட்டும்தான். மென்பொருள் என்ன செய்யும்? முன்னொட்டை வைத்து நாடு சொல்லும் கோப்பு ஒன்றைப் புரட்டும். ஹாம்களிடம் பரவலாகப் புழங்கும் அந்தக் கோப்பில் மேற்கு மலேசியா முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளி: வடக்கே ஏறத்தாழ 4 பாகை, கிழக்கே 102 பாகை சொச்சம். வரைபடத்தில் அது பகாங்கில், ஜெராண்டுட் பக்கம் விழுகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கும் ஆள் தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிடுவார்! பினாங்குக்காரருக்கும் ஜொகூர்காரருக்கும் அதே காடுதான்.

இதற்கு மருந்து கட்டக்குறி. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததில் நமக்கு வந்தது ஓஜே04: கிழக்கே 100 முதல் 102 பாகை வரை, வடக்கே 4 முதல் 5 வரை. ஈப்போ, பத்து காஜா, கம்பார், சுங்கை சிப்புட், தைப்பிங், ஏன், கேமரன் மலையின் தானா ராத்தாகூட இதற்குள் அடக்கம். ஓஜே04எம்ஓ என்று நீட்டினால் ஈப்போ நகரமே வந்துவிடும்.

இந்தக் குறியைக் கையோடு அனுப்புகிற முறை விஸ்பர். 1993இல் இயற்பியல் நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர் 2008இல் எழுதியது, அதுவும் திறந்த மூலம்தான். அழைப்புக்குறி, கட்டக்குறி, மின்திறன் ஆகிய மூன்றையும் அனுப்பி முடிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நிதானமாகப் போவதால் 200 மில்லிவாட்கூடக் கடல் தாண்டும்.

ஸ்பாட் வரைபடத்தில் ஓஜே04 கட்டம் வெறிச்சோடிக் கிடந்தால் அலை வரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வந்த அலையைக் கேட்க ஆளில்லாமலும் இருக்கலாம். திரட்டி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் கேட்காததைத் திரட்ட முடியாது. ஈப்போ தாமான் வீடுகளில் எல்இடி விளக்கும் சார்ஜரும் ஏர்கோனும் சேர்ந்து போடும் இரைச்சலில் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பழைய தோட்டங்களில், லயங்கள் காலியான இடங்களில், இந்த இரைச்சல் மிகக் குறைவு. (வானொலிக்கு அது வசதி. லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் பட்டது வேறு கதை.) எங்கே கேட்க உட்கார்ந்தாலும் மாலை இடிமழை நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் சடசடப்பைத் தவிர ஒன்றும் தேறாது, ஆண்டெனாவுக்கும் ஆபத்து.

எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள சிற்றலை ரேடியோ கிடைத்தால் 14.100 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். உலகில் 18 பீக்கன்கள் (தானாக அடையாள ஒலி அனுப்பும் நிலையங்கள்) அங்கே முறைவைத்து, ஆளுக்குப் பத்து நொடி ஒலிக்கின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. மணி தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் கொழும்பின் 4எஸ்7பி முறை. அதற்கு முன் ஹாங்காங், பின்னால் தென்னாப்பிரிக்கா. பீக்கன் பழுதாகி மௌனமாக இருக்கும் காலமும் உண்டு. வந்தால் முதலில் மோர்ஸில் பெயர், பிறகு நான்கு நீண்ட கோடுகள்: 100 வாட், 10, 1, கடைசியாக 0.1. எந்தக் கோடு வரை கேட்டது, எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அந்தத் தாளை வைத்துத்தான் தொடங்கப் போகிறோம்.

(தொடரும்)