சறுக்கும் இசைக்கு ஒரு கோடு!

'ரெக்கார்டர்' என்றதும், பாட்டைப் பதிவு செய்யும் கருவி என நினைத்து விடாதீர்கள் குட்டீஸ்! இது, நேராகப் பிடித்து ஊதும் குழல். முன்பக்கம் 7 துளைகள். பின்பக்கம், கட்டை விரலுக்கு ஒன்று.

மேற்கத்திய இசையை, ஐந்து கோடுகளின் மேல் புள்ளி புள்ளியாக எழுதுவர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு படிக்கட்டு மாதிரி. ஆனால், இசை சில நேரம் படியேறாமல், சறுக்குமரத்தில் வழுக்குவது போலப் போகுமே... அதை எப்படி எழுதுவது?

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, ஒரு சாய்வுக் கோடு போடுவர். இதன் பெயர், 'கிளிஸாண்டோ!' இதைக் கண்டதும், துளையை மூடிய விரலைச் சட்டென்று எடுக்காமல், மெல்ல மெல்ல நகர்த்தித் திறக்க வேண்டும்.

ஒரே சுரம் லேசாக வளைந்து திரும்ப வேண்டுமா? அதற்கு வளைகோடு உண்டு. அழுத்தி ஊதினால் சுருதி ஏறும். மெதுவாக ஊதினால் இறங்கும்.

ஜப்பானிய இசையமைப்பாளர் ரியோஹேய் ஹிரோசே, 1975ல் ரெக்கார்டருக்காக, 'மெடிடேஷன்' என்ற இசையை எழுதினார். அந்நாட்டு மூங்கில் குழலான ஷாகுஹாச்சியின் வளைவுகளை, அதில் கொண்டு வந்தார். 2008ல் அவர் மறைந்து விட்டார். ஆனாலும், அவர் எழுதி வைத்ததைப் பார்த்து, இன்றும் அதை ஊதுகின்றனர்.

ஒரு சின்னக் கோடு, எவ்வளவு பெரிய வேலை செய்கிறது பார்த்தீர்களா!