அட்வான்ஸ் பணம் யாருடையது?

இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுகிற அனுபவங்களை ஒன்று விடாமல் படிப்பவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. பிளஸ் டூ வரைதான் படிப்பு, வீட்டு வேலைதான் என் உத்தியோகம். தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

கல்யாணமாகி 11 வருஷம் வாடகை வீடுதான். நாலு வீடு மாறினோம். ஒரு வீட்டைக் காலி செய்தபோது, "வெள்ளையடிக்கணும், குழாய் மாத்தணும்" என்று சொல்லி, அட்வான்ஸில் 15,000 ரூபாயைப் பிடித்துக் கொண்டார்கள். கைக்குழந்தையோடு அந்த வாசலில் நின்று அழுதேன். 'நமக்கென்று ஒரு வீடு வந்தால், ஒருத்தர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளக் கூடாது' என்று அன்றைக்கு மனதுக்குள் நினைத்துக் கொண்டேன்.

மதுரை விளாங்குடி பக்கம் மாமனார் விட்டுப் போன இரண்டு சென்ட் இடத்தில் கீழ் வீட்டைக் கட்டினோம். பிறகு வங்கிக் கடன் வாங்கி, மாடியில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு என்று சின்னதாக ஒரு போர்ஷன் எழுப்பினோம். 2024 தை மாதம் பால் காய்ச்சினோம். "இனிமே மாசம் 6,500 ரூபாய் வாடகை வரும்" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். கடனுக்கு மாதம் 7,800 ரூபாய் கட்ட வேண்டும் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்து போயிற்று. மாடி கட்டியதும் வீட்டு வரியை மறுபடி அளந்து கூட்டுவார்கள் என்பதும் அப்போது தெரியாது.

வைகாசியில் ஒரு இளம் தம்பதி இரண்டு வயதுக் குழந்தையோடு வந்தார்கள். நல்ல மாதிரி. 50,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டேன், மறு பேச்சில்லாமல் கொடுத்தார்கள். "தெரிஞ்சவங்க மூலமா வந்தவங்கதானே" என்று எழுத்தில் எதுவும் போட்டுக் கொள்ளவில்லை. வந்த பணத்தில் 28,000 ரூபாய்க்கு மாடிப்படிக்கு கிரில் கேட் போட்டோம். மீதி 22,000 பெரியவளின் பள்ளிக்கூடப் பீஸுக்குப் போய்விட்டது. நம் பணம் என்றே செலவழித்தேன், சகோதரிகளே. மனசு ஒரு துளிகூட உறுத்தவில்லை.

முதல் சங்கடம் வாடகை கேட்பதில் வந்தது. ஐந்தாம் தேதி என்று பேச்சு. பத்தாம் தேதி வரை வராது. வாடகை வீட்டில் இருந்தவளுக்குக் கேட்கக் கூச்சம். துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கேட்காமலே இறங்கி வருவேன். கீழே வந்து அந்தக் கோபத்தை என் பிள்ளைகள் மேல் காட்டுவேன்.

இரண்டாவது, கரண்ட். ஒரே இணைப்பு, மாடிக்கு சப்-மீட்டர் மட்டும் வைத்திருந்தோம். அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்குத்தான். இரண்டு குடும்பமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடுகிறது. "நாங்க மின்விசிறியும் ஃப்ரிட்ஜும்தானக்கா ஓட்டுறோம், இவ்வளவு வருமா?" என்று அந்தப் பெண் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவதுதான் நான் வெட்கப்படுவது. குழந்தைக்குக் காது குத்து என்று அவர்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். தொட்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை காலியாயிற்று. ஒரு மத்தியானம் எரிச்சலில் மோட்டாரைப் போடாமல் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் காலி வாளியோடு இறங்கி வந்து, "அக்கா, குழந்தையக் கழுவ மட்டும் ஒரு வாளி தண்ணி தர்றீங்களா?" என்றாள். தண்ணீரைக் கொடுத்தேன். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு நடந்ததை எல்லாம் நானே இன்னொருத்திக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டேனே!

ஐப்பசி கடைசியில் பெரிய இடி. அவள் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. "மார்கழி பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிடறோம்க்கா. அட்வான்ஸை மட்டும் ரெடி பண்ணிடுங்க" என்றாள்.

கையில் ஐந்தாயிரம் கூட இல்லை. அடுத்து வருகிறவர்களிடம் வாங்கி இவர்களுக்குக் கொடுக்கலாம் என்றால், மார்கழியில் யார் குடி வருவார்கள்? தை பிறந்தால்தான் உண்டு.

அப்போது என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொண்டு மாடி ஏறினேன். சுவரில் குழந்தையின் கிறுக்கல், ஆணி அடித்த ஓட்டை, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் எழுதி, பத்து பதினைந்தாயிரம் கழித்துவிட்டால் பாரம் குறையும் என்று கணக்கு. எனக்கு நடந்த அதே கணக்கு!

கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் கையெல்லாம் வெள்ளை. "வாங்கக்கா. ஆணி அடிச்ச இடத்தை எல்லாம் வெள்ளை சிமென்ட் வெச்சு அடைச்சிட்டிருக்கேன். பாப்பா கிறுக்கினதையும் சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சாச்சு. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றாள். நோட்டை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா பார்க்க வந்தேன்" என்று இறங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அது அவங்க பணம். நாம எடுத்துச் செலவழிச்சது நம்ம தப்பு." மறுநாள் என் ஒன்றரைப் பவுன் வளையலைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தோம். கடைசி கரண்ட் பில் 640 ரூபாய் மட்டும் கழித்து, 49,360 ரூபாயை அவர்கள் சாமான் ஏற்றும் நாளில் கையில் கொடுத்தோம். அந்தப் பெண் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி இருந்த வீட்ல எங்களுக்கு முழுசா வரலக்கா" என்றாள். அவள் கண் கலங்கியது. அவளுக்குத் தெரியாது, என் கண் ஏன் கலங்கியது என்று.

எதிர் வீட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவரிடம் விவரம் கேட்டேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கென்று 2017-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறதாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். '11 மாசத்துக்குப் போட்டா பதிவு வேண்டாம்' என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக் கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நானோ ஏழரை மாத வாடகைக்கு மேல் வாங்கியிருக்கிறேன்! காலி செய்தால், பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்து, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். என்ன சண்டை என்றாலும் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது. அதைக் கேட்டதும் அந்தக் காலி வாளிதான் கண் முன்னால் வந்தது.

2025 தை மாதம் புதுக் குடித்தனம் வந்தது. இந்தத் தடவை நான் செய்ததைச் சொல்கிறேன், முதல் முறையாக வீடு வாடகைக்கு விடும் சகோதரிகளுக்கு உதவும்.

ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம். வாடகைத் தேதி, தண்ணீர், கரண்ட் கணக்கு, காலி செய்ய ஒரு மாதம் முன்னால் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதால் கேட்கவும் கூச்சமில்லை. வாடகை வாங்கியதும் ரசீது கொடுக்கிறேன். மாடிக்குத் தனி மீட்டருக்கு மனு போட்டு வாங்கிவிட்டோம். குடி வரும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து போனில் படம் எடுத்துக் கொண்டோம். காலியாகக் கிடக்கும் மாதத்துக்கும் மோட்டார் ரிப்பேருக்கும் வாடகையில் 500 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன்.

அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு 19,500 ரூபாய்தான் வாங்கினேன். அதை அன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிட்டேன். பாஸ் புத்தகத்தின் அட்டையில் 'மாடி வீட்டுக்காரர் பணம்' என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். சீட்டுப் பணம் கட்ட முடியாத மாதம் கூட அதை நான் தொடவில்லை.

வளையலை இன்னும் மீட்கவில்லை. மாதாமாதம் வட்டி கட்டி வருகிறேன். வெறுங்கையைப் பார்த்து யாராவது கேட்டால், "வீட்டுக்காரம்மா ஆகறதுக்குப் படிச்ச படிப்புக்குப் பீஸ்" என்று சிரித்துக் கொண்டே சொல்லிவிடுகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.