மழை வந்தது, மக்கனா போட்டேன்



நான் வால்பாறையில் வசிக்கும் ஒரு இல்லத்தரசி. வயது 37. படிப்பு பத்தாவது. வீட்டுக்காரர் டவுனில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரு பெண், ஒரு பையன். இந்தப் பகுதியை வாரம் தவறாமல் படிப்பேனே தவிர இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. நான் விட்டுவிட்ட ஒரு பழக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சின்ன விஷயம்தானே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதற்குப் பதினேழு வருஷம் ஆனது.

எங்களவர்களில் தலையையும் கழுத்தையும் மறைத்துப் போடும் துணியை வீட்டில் மக்கனா என்போம். இப்போது எல்லோரும் ஹிஜாப் என்கிறார்கள். முகம் நன்றாகத் தெரியும். கண் மட்டும் தெரிய முகத்தை மூடுவது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

நான் பிறந்தது பொள்ளாச்சி. அத்தாவைப் பெற்றவர் வெளியே கிளம்பினால் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தால் கொக்கு நடந்து வருவது மாதிரி இருக்கும். அம்மா காலத்தில் கறுப்பு புர்கா வந்தது. அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் மூலம் ஊருக்குள் பரவிய வழக்கம் அது. 1998 பிப்ரவரி 14 அன்று கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்தபோது எனக்கு 10 வயது. 58 பேர் செத்தார்கள். அதற்கு முன்னால் 1997 நவம்பர் கடைசியில் தொடங்கிய கலவரத்தில் எங்கள் ஜனத்திலும் பல உயிர்கள் போயிருந்தன. அந்தச் சமயத்தில் கண் வைத்தியத்துக்காக அம்மா கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. புர்காவை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். நான் கூடப் போனேன். போகிற வழியெல்லாம் அம்மா என் கையை விடவேயில்லை. ஒரு துணியைப் போட்டாலும் கழற்றினாலும் ஊர் கவனிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வயசுக்கு வந்ததும் நானும் போட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டுதான் போனேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பத்தாவது முடித்து 2005-ல் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லா விற்பனைப் பெண்களுக்கும் ஒரே மாதிரி சேலை. முதல் நாளே சூப்பர்வைசர் கூப்பிட்டார். "கஸ்டமர் வர்ற இடம்மா. கடை வரைக்கும் அதைக் கழட்டி வச்சுக்க. வெளிய போய்ப் போட்டுக்க" என்றார். அதட்டவெல்லாம் இல்லை, அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. கடை வாசலில் கழற்றுவேன், சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் போட்டுக்கொள்வேன். கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்டில் போடுவது தள்ளிப்போய் எங்கள் தெருமுனையில் போடுவது என்றாயிற்று. அப்புறம் ஒரு நாள் அதுவும் இல்லை. எந்த நாள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

2009-ல் கல்யாணமாகி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்தேன். மாமி வெளியே போகும்போது முந்தானையால் முக்காடு போடுபவர். என்னைப் போடச் சொன்னதும் இல்லை, ஏன் போடவில்லை என்று கேட்டதும் இல்லை. ஸ்வெட்டர், சால்வை, குல்லா என்று பாதி நாள் எல்லோரும் மூடிக்கொண்டு திரியும் ஊரில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவுமில்லை.

2021-ல் அம்மா மவுத்தானார். கொரோனா சமயம். நாற்பதுக்குப் பிறகு அவருடைய பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். அடியில் என் பழைய வெள்ளை மக்கனா இருந்தது! தெருமுனையில் போடுவதையும் விட்ட பிறகு நான் எங்கேயோ போட்டுவிட்ட அதை, அம்மா துவைத்து மடித்து அத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாத மனுஷி. வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாளைக்குப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் போடவில்லை. அடுத்த மாசமும் போடவில்லை.

எதற்குப் பயந்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முதலில், கேள்வி. விடும்போது ஒருத்தரும் கேட்கவில்லை. போட்டால் எல்லோரும் கேட்பார்கள். 'என்ன திடீர்னு?' என்று கேட்டால் என்ன சொல்வது? அம்மா பெட்டியில் இருந்தது என்று பால்காரரிடம் சொல்ல முடியுமா? அடுத்தது, எங்கள் ஆட்களே 'இத்தனை நாள் எங்கே போயிருந்தே' என்பார்களே என்ற கூச்சம். எல்லாவற்றையும் விட, மறுபடியும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். ஒரு தரம் விட்டவள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் தரம் விட்டால் ஊருக்கே தெரியுமே!

இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே 2022 பிறந்தது. கர்நாடகத்தில் உடுப்பி அரசு கல்லூரியில் மக்கனா போட்ட பெண் பிள்ளைகளை வகுப்புக்குள் விடாத பிரச்னை டி.வி.யில் தினமும் ஓடியது. பிப்ரவரி 5-ம் தேதி அந்த அரசு சீருடை பற்றி உத்தரவு போட்டது. மார்ச் 15-ல் அங்குள்ள உயர்நீதிமன்றம் அது சரி என்றது. வீட்டுக்காரரிடம் என் ஆசையைச் சொன்னேன். "இப்ப வேணாம்மா, ஒரு ஆறு மாசம் போகட்டும். நீ எதுக்கோ பதில் சொல்ற மாதிரி நெனைப்பாங்க" என்றார். கடைக்கு வருகிறவர்கள் எல்லா ஜனமும்தான். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனாலும் எரிச்சலாக இருந்தது. என் தலைத்துணிக்கு நாள் பார்க்க உடுப்பியைப் பார்க்க வேண்டுமா?

அந்த பிப்ரவரி 19-ல் நம் மாநிலத்தில் நகராட்சித் தேர்தல் நடந்தது. வால்பாறையிலும் ஓட்டு. நான் வெறுந்தலையோடு வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் டி.வி. போட்டால் மதுரைப் பக்கம் மேலூர். மக்கனாவோடு ஓட்டுப் போட வந்த ஒரு பெண்ணைப் பார்த்து, ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட் அதைக் கழற்றச் சொல்லித் தகராறு செய்திருக்கிறார். மற்றக் கட்சி ஏஜென்ட்டுகளே அவரை எதிர்த்து நின்றார்கள். போலீஸ் அவரை வெளியே கொண்டுபோனது. அந்தச் செய்தியை மூன்று தடவை பார்த்தேன். தகராறு செய்தவரை விட, 'நீ யாரப்பா சொல்றதுக்கு' என்று நின்ற மற்றவர்கள்தான் என் மனசில் நின்றார்கள்.

ஜூன் வந்தது. எங்கள் ஊர் ஜூன் மழை பற்றி வெளியூர் சகோதரிகளுக்குத் தெரியாது. விடாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பக்கத்தில் லயன் வீட்டில் இருக்கும் அக்கா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். காலையில் தலையில் துணி கட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் படங்கைக் கொங்காணி மாதிரி போட்டுக்கொண்டு கிளம்பினார். திண்ணையில் நின்று, "வெயில் காலத்துலயும் தலையில துணி கட்டறீங்களே, ஏங்க்கா?" என்று கேட்டேன். "பை வாரு நெத்திய அறுக்கும்ல கண்ணு. பூச்சி பொட்டு விழும். அது மட்டுமில்ல, துணி இல்லாமக் காட்டுக்குள்ள எறங்குனா எதையோ வீட்டுலயே மறந்துட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றார். பதினேழு வருஷமாக எனக்கு இருந்ததும் அதே மறதிதான். அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். "நாளையிலேர்ந்து நான் மக்கனா போடப் போறேங்க்கா." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அதுக்கு என்ன? போட்டுக்க. மழைக்கு நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவருக்கு வேலைக்கு நேரமாயிற்று!

ஒருத்தரிடம் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் சொன்னேன். மறுநாள் குடையோடு ரேஷன் கடைக்குப் போனேன். ஊரே தலையை மூடிக்கொண்டு நிற்கும்போது என்னை யார் பார்க்கிறார்கள்? ஒரு வாரம் இப்படியே சவுகரியமாகப் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் காலையில் வெயில் அடித்துவிட்டது. எல்லோரும் குல்லாவையும் சால்வையையும் கழற்றிவிட்டார்கள். காந்தி சிலைப் பக்கம் நான் மட்டும் மூடிய தலையோடு நிற்கிறேன். வியர்த்துக் கொட்டியது. எங்கள் சுய உதவிக் குழுத் தலைவி எதிரே வந்தார். கேட்டே விட்டார்: "ஏம்மா, வீட்டுக்காரர் போடச் சொல்லிட்டாரா?" எதிர்பார்த்த கேள்வி இது இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் வேணாம்னாருங்க. நான்தான் போட்டேன்" என்றேன். அவரும் சிரித்தார். ஆனாலும் அந்த மாசத்தில் இன்னும் நாலைந்து பேர் அதையே கேட்டார்கள். பெண்பிள்ளை தலையில் ஏதாவது மாறினால் ஆம்பிள்ளைதான் காரணம் என்று ஏன்தான் நினைக்கிறார்களோ! கடையிலும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். "அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த முட்டைக் குருமா வைத்தேன்.

எல்லாமே இப்படி நல்லதாக முடிந்துவிடவில்லை. கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் கூட்டம். ஆனாலும் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அட்டகட்டியில் ஒரு வயசான அம்மா ஏறி, 'நகருங்க' என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வளைவு தொடங்கியதும் அவருக்குக் குமட்டல். என் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது, கொடுத்தேன். ஆழியார் வரைக்கும் என் தோளில் சாய்ந்தே வந்தார். என் மக்கனாவில் அவருடைய திருநீறு ஒட்டியிருந்தது.

மண்டபத்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்தர் எல்லோர் முன்னாலும், "பரவாயில்லையே, இப்பத்தான் மார்க்கம் ஞாபகம் வந்துச்சா? நெத்தியில முடி தெரியுது பாரு" என்றார். அந்தக் காலி சீட்டை விட இதுதான் வலித்தது. புதிதாக நடக்கிற குழந்தையைத் தள்ளிவிட்ட மாதிரி. அன்றைக்குக் கழற்றி எறிந்துவிடலாமா என்றுகூட வந்துவிட்டது. என்னைப் போல் விட்டவர்கள், திரும்ப எடுக்கத் தயங்குகிறவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களைப் பார்த்து இப்படிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் வாயை அடக்கினால் நல்லது.

அந்த செப்டம்பரில் ஈரானில் மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண், ஹிஜாப் சரியாகப் போடவில்லை என்று பிடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்துபோன செய்தி வந்தது. என் மகளுக்கு அப்போது 11 வயது. "அங்க போடலைன்னு பிடிக்கிறாங்க, உடுப்பியில போட்டா உள்ள விட மாட்டேங்கறாங்க. என்னம்மா இது?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் போடச் சொன்னவரும் இல்லை, திரும்பப் போட்டபோது தடுத்தவரும் இல்லை. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றைக்குத்தான் பட்டது. அக்டோபர் 13-ல் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று விட்டார்கள். படித்த பெரியவர்களுக்கே ஒத்துப்போகவில்லை, எனக்கு எப்படி விளங்கும்?

மகளைப் போடு என்று நான் சொல்லவில்லை. அவள் ஸ்கூலில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள். "இதைப் போட்டுட்டு ஓட முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முஹம்மது என்ற அமெரிக்கப் பெண் ஹிஜாபோடு வாள்வீச்சில் இறங்கி, குழுப் போட்டியில் வெண்கலம் வாங்கியதை என் தம்பி மகன் போனில் காட்டினான். பார்த்துவிட்டு, "அப்ப முடியும்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். போடுவாளோ மாட்டாளோ, அவள் பாடு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் என் தங்கை போடுவதில்லை. எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சும் வந்ததில்லை.

திரும்ப ஆரம்பிக்க நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வழுக்குகிற ஜார்ஜெட் துணி வேண்டாம். அதைச் சரிசெய்து சரிசெய்தே தைரியம் போய்விடும். பனியன் துணியில் வருவதை வாங்குங்கள், பின் குத்தாமலே நிற்கும். முதலில் வீட்டுக்குள் சமைக்கும்போதும் பெருக்கும்போதும் போட்டுப் பழகுங்கள். காது மறைந்திருக்கும்போது குக்கர் விசில் எண்ணிக்கை தவறிவிடும், அது மட்டும் ஜாக்கிரதை!

அம்மா வைத்திருந்த அந்த வெள்ளை மக்கனாவை இன்னும் வெளியே போட முடியவில்லை. மடிப்பு ஓரமெல்லாம் பூஞ்சணக் கறை. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது? இங்கே அடுப்புக்கு மேல் கொடி கட்டித்தான் துணி காயப் போடுகிறோம். கறை போக வேறு வழி தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வால்பாறை.