பதினெட்டு வயதுக்குப் பின் பொறுப்பேற்பார் யார்?

புது தில்லி: மாற்றுத்திறனாளி மாணவருக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. ஆனால், பள்ளி வாசலைக் கடந்த நாள் முதல் வேலையில் அமரும் நாள் வரை அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பொறுப்பு எவரிடமும் முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது; பணி ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக உயர்த்தியது. பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. எனினும், பள்ளி கல்வி அமைச்சகத்தின் கீழும், அடையாள அட்டையும் உதவிக் கருவிகளும் சமூகநீதி அமைச்சகத்தின் கீழும், பயிற்சி திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழும், வேலைவாய்ப்பு மையங்கள் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழும் உள்ளன. நான்கு வாசல்களையும் தேடி அலைவது பெரும்பாலும் பெற்றோரே.

2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு நிலைமையைத் தெளிவாகக் காட்டியது. 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் உயர்நிலைக் கல்வியோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 19.3 சதவீதம். வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 23.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. எஞ்சியோர் வேலை தேடும் கட்டத்துக்கே வரவில்லை.

தடை எப்போதும் தொழில்திறனில் இல்லை. பேருந்தின் எண்ணைப் பார்த்துத் தனியே ஏறுவது, சில்லறையைச் சரிபார்ப்பது, தாமதமானால் யாரிடம் சொல்வது என்று அறிவது, மேலாளர் கடிந்துகொண்டால் மறுநாளும் வேலைக்கு வருவது ஆகியவை அறிவுசார் குறைபாடுடைய இளைஞருக்குத் தனித்தனிப் பாடங்கள். வகுப்பறையில் இவற்றைக் கற்பிப்பது கடினம். பணியிடத்திலேயே சில வாரங்கள் உடனிருந்து பழக்கிவிட்டு, சிறிது சிறிதாக விலகிக்கொள்ளும் பயிற்றுநர் தேவை. பள்ளியின் கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே இதைத் தொடங்க வேண்டும். 18 வயதில் வீட்டுக்குள் முடங்கியவரை 25 வயதில் மீண்டும் வெளியே அழைத்து வருவது எளிதன்று.

வழி இல்லாமலும் இல்லை. தில்லியில் தலைமையகம் கொண்ட லெமன் ட்ரீ ஹோட்டல் நிறுவனம் 2007 முதல் செவித்திறன் குறைந்தோரைப் பணியில் அமர்த்தி வருகிறது; அவர்களுக்காக உடன் பணிபுரிவோரும் சைகை மொழியின் அடிப்படைகளைக் கற்கின்றனர். மாற்றுத்திறனாளிகள் நடத்தும் 'மிட்டி கஃபே' 2017-இல் கர்நாடகத்தில் தொடங்கப்பட்டது. அதன் கிளை ஒன்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. வழக்கறிஞர்களுக்குத் தேநீர் தருவது சிறிய வேலைதான். ஆனால், அது மாதச் சம்பளமுள்ள வேலை.

தனியார் துறையை ஊக்குவிக்க 2008-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் ரூ. 25 ஆயிரம் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளி ஊழியருக்காக நிறுவனம் செலுத்த வேண்டிய வருங்கால வைப்புநிதி, ஈஎஸ்ஐ பங்குத்தொகையை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். நிறுவனங்களைத் தயங்க வைப்பது அந்தத் தொகை மட்டுமன்று. சாய்தளம் இல்லாத கட்டடத்திலும், திரைவாசிப்பான் இல்லாத கணினியிலும், 'இவரால் முடியுமா' என்ற ஐயத்திலும் கதவு முன்பே அடைபட்டுவிடுகிறது.

அரசுப் பணியில் சிக்கல் வேறு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையோருக்கும் சேர்த்து 1 சதவீத இடம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதன்முறையாகக் கிடைத்தது. ஆனால், மத்திய அரசின் கடைநிலைப் பணியான பல்நோக்கு ஊழியர் பணிக்கே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். அறிவுசார் குறைபாடுடைய மாணவர் பலர் தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் பயில்கின்றனர். அதன் இறுதி நிலைச் சான்றிதழ் எட்டாம் வகுப்புக்கே இணையானது.

ஒதுக்கிய இடத்துக்குத் தகுதியானவர் கிடைக்காவிட்டால், அது அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும். அப்போதும் கிடைக்காவிட்டால் பிற வகை மாற்றுத்திறனாளிகளுக்குச் செல்லும். அவர்களிலும் எவரும் இல்லையெனில், குறைபாடு ஏதும் இல்லாத ஒருவரைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு வழி செய்கிறது.