ஐம்பதில் ஒரு புதுக் கனவு: கிறிஸ்தவப் பெண்களின் இரண்டாம் தொடக்கம்

ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயக் கூடத்தில் தேநீர் அருந்தும் நேரம். மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான், மகள் திருமணமாகிப் பொங்கோலில் வீடு வாங்கிவிட்டாள் என்று பெண்கள் மகிழ்ச்சியோடு பேசிக்கொள்வது வழக்கம். பேச்சு முடியும் தறுவாயில் யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார்: "இனி எனக்கென்று ஏதாவது செய்ய வேண்டும்." அடுத்த வினாடியே தயக்கமும் வந்துவிடும். "இந்த வயதில் இதெல்லாம் தேவையா? இது சுயநலம் ஆகாதா?"

சிங்கப்பூரில் வாழும் கிறிஸ்தவத் தமிழ்ப் பெண்கள் பலரின் மனத்தில் இருக்கும் கேள்வி இது. சிரித்துவிட்டு ஒதுக்கக்கூடிய கேள்வியும் அல்ல. இங்குள்ள பெண்களின் சராசரி ஆயுட்காலம் 85 வயதைத் தாண்டியுள்ளது. அப்படியானால் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு முன்னால் இன்னும் 35 ஆண்டுகள் இருக்கின்றன. பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்க அவர் செலவிட்ட காலத்தைவிட இது நீண்டது. அந்த ஆண்டுகளை எப்படி வாழ்வது என்று யோசிப்பது பேராசை ஆகாது.

கனவா, களைப்பா?

நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட காலத்தில் பெண்ணின் வாழ்வில் பல மாற்றங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. பிள்ளைகள் விலகிச் செல்கிறார்கள். பெற்றோரும் மாமியாரும் முதுமையில் தளர்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலமும் இதுவே. திடீர் உடல் வெப்பம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், மறதி ஆகியவை பலருக்கு வருகின்றன.

இந்த நிலையில், "வேலையை விட்டுவிட வேண்டும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று தோன்றினால், அது புதிய கனவாகவும் இருக்கலாம், வெறும் உடல் களைப்பாகவும் இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் இதே உணர்வைத் தரும். ஆகவே பெரிய முடிவு எடுக்கும் முன் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஜெபித்தால் போதும், மருத்துவர் எதற்கு என்று நினைப்பது விசுவாசம் ஆகாது. நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அந்த ஆசை மனத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை மதித்துக் கவனிக்கலாம்.

வேதாகமம் காட்டும் பெண்கள்

கணவரையும் இரு மகன்களையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, தம்மை 'மாராள்' என்று அழைக்கச் சொன்னார். கசப்பு என்பது அதன் பொருள். தம் வாழ்வு முடிந்துவிட்டது என்றே அவர் எண்ணினார். ஆனால் மருமகள் ரூத்துக்கு வழிகாட்டியதும், பேரக்குழந்தை ஓபேதை வளர்த்ததும் அதற்குப் பிறகுதான்.

பிலிப்பி நகரில் இரத்தாம்பரத் துணி விற்ற லீதியாள், பவுலுக்கும் உடன் வந்தவர்களுக்கும் தம் வீட்டைத் திறந்துவிட்டார். அவருடைய வயதை வேதாகமம் சொல்லவில்லை, தொழிலைச் சொல்கிறது. வணிகம் செய்வதும் வருமானம் ஈட்டுவதும் பக்திக்கு எதிரானவை அல்ல என்பதற்கு இது சான்று.

அதே வேளையில், முதுமையில் பிள்ளை பெற்ற சாராளைக் காட்டி, எந்த ஆசையும் நிறைவேறியே தீரும் என்று சொல்வது சரியல்ல. சாராளுக்கு ஒரு வாக்குறுதி இருந்தது. நமக்குத் தோன்றும் ஒவ்வொரு விருப்பமும் வாக்குறுதி ஆகிவிடாது. ஜெபத்தோடு, நம்மை நன்கு அறிந்தவர்களின் ஆலோசனையும் சிறு அளவிலான முயற்சியும் சேரும்போதுதான் எது அழைப்பு, எது ஆசை என்பது தெளிவாகும்.

இந்த மண்ணில் ஓர் எடுத்துக்காட்டு

1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற மெதடிஸ்ட் ஊழியர் சிங்கப்பூரில் ஒன்பது இந்தியச் சிறுமிகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஐம்பது வயதில் படிப்பு எதற்கு என்று இன்று கேட்பதும் அதைப் போன்றதே.

நடுவயதில் புதிய பாதையில் நடந்தவர்களுள் எலிசபெத் சோய் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த அவர் 1910இல் பிறந்தவர், தொழிலால் ஆசிரியர். ஜப்பானியர் ஆட்சியில் 1943இல் கைதாகி, ஏறக்குறைய 200 நாள் சிறையில் சித்திரவதை அனுபவித்தார். போருக்குப் பிறகு இங்கிலாந்து சென்று படித்துத் திரும்பினார். 1951இல், நாற்பது வயதில், சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். 1956இல் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தம் பழைய பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பி, 1974இல் ஓய்வுபெற்றார். 2006இல் மறைந்தபோது அவருக்கு 95 வயது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் தம் திறமையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. கற்பிக்கும் திறமையைத் தேவை அதிகமாக இருந்த இடத்துக்குக் கொண்டு சென்றார். இரண்டாவது, புதிய பணியிலிருந்து பழைய பணிக்குத் திரும்பியதை அவருடைய தோல்வியாக யாரும் கருதவில்லை.

வீட்டிலும் சபையிலும் பேச வேண்டியவை

கனவுக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது வயது அல்ல, நேரம். காலையில் மாமியாருக்கு மருந்து, பகலில் வேலை, மாலையில் சமையல், சனிக்கிழமை மாதர் சங்கம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி, அறுப்பின் பண்டிகை வந்தால் சமையல் குழு. இவற்றுக்கு நடுவே புதிய ஒன்றைச் சேர்த்தால் உடல்தான் முறியும். ஏதாவது ஒன்றை இறக்கி வைத்தாக வேண்டும்.

"நான் படிக்கப் போகிறேன்" என்று கணவரிடம் பொதுவாகச் சொல்வதைவிட, "செவ்வாய், வியாழன் இரவுகளில் எனக்கு வகுப்பு, அந்த இரண்டு நாளும் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுப்பது உங்கள் பொறுப்பு" என்று தெளிவாகப் பேசுவது பயன் தரும். பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பை அண்ணன் தம்பிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. சபையிலும் ஒரு பொறுப்பை இளையவர் ஒருவருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு விலகலாம்.

திருமணம் செய்துகொள்ளாமல் பெற்றோரைக் கவனித்து வந்த பெண்களின் நிலை வேறு. தாயை அடக்கம் செய்துவிட்டு வரும் நாளில் வீட்டில் வேலையே இருக்காது. "உனக்குத்தான் குடும்பம் இல்லையே" என்று சபையின் எல்லா வேலைகளையும் அவர்கள்மீது சுமத்துவது அன்பு அல்ல. அவர்களுடைய விருப்பம் என்ன என்று கேட்பதே அன்பு.

பணமும் பயிற்சியும்

நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ் கூடுதலாக 4,000 வெள்ளி வழங்கப்பட்டது. வேலைவாய்ப்புக்கு உதவும், தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கே அதைப் பயன்படுத்த முடியும், பொழுதுபோக்கு வகுப்புகளுக்கு அல்ல. நாற்பது வயதைத் தாண்டியோருக்குப் பல பயிற்சிகளின் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கழிவு உண்டு. பலர் இது தெரியாமலே "காசு இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

பலகாரம் செய்து விற்கும் ஆசை இருந்தால், கடையை வாடகைக்கு எடுக்கும் முன் வீட்டிலேயே தொடங்கிப் பார்க்கலாம். வீவக வீடுகளில் சிறிய அளவில் பலகாரம் செய்து விற்கவும் துணி தைக்கவும் சில மாணவர்களுக்குத் துணைப்பாடம் நடத்தவும் விதிகளுக்கு உட்பட்டு இடமுண்டு. வெளியாட்களை வேலைக்கு வைக்கக்கூடாது. கிறிஸ்மஸ் காலத்தில் முறுக்கும் கேக்கும் செய்து விற்கும்போது மாவு, வெண்ணெய் விலையோடு தம் உழைப்புக்கும் ஒரு கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கில் நட்டம் வந்தால், கடை வைத்த பிறகும் நட்டம்தான் வரும்.

முதுமைக்கான சேமிப்பை எக்காரணத்தைக் கொண்டும் புதிய தொழிலில் போடக்கூடாது. ஆண்டுக்கணக்கில் இல்லத்தரசியாக இருந்த பெண்களின் மத்திய சேம நிதிக் கணக்கில் பொதுவாகத் தொகை குறைவாகவே இருக்கும். 55 வயதைக் கடந்த, தகுதியுள்ளவர்களின் ஓய்வுக்காலக் கணக்கில் குடும்பத்தார் ரொக்கமாகப் பணம் போட்டால், 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை அரசாங்கமும் அதே அளவு தொகையைச் சேர்க்கிறது. வாழ்நாள் வரம்பு 20,000 வெள்ளி. தாய்க்குப் பிறந்தநாள் பரிசு வாங்கும் பிள்ளைகள் இதையும் நினைவில் வைக்கலாம்.

எல்லாக் கனவுக்கும் சம்பளம் தேவையில்லை. 1948இல் தொடங்கப்பட்ட திரித்துவ இறையியல் கல்லூரியில் வேதம் படிப்பது, தமிழில் பிழையின்றி எழுதப் பழகுவது, மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திப்பது ஆகியவையும் கனவுகளே.

ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டால்

இடையில் தாய் படுத்த படுக்கையாகிவிடலாம், கணவர் வேலை இழக்கலாம். அப்போது கனவைத் தள்ளிப்போட நேரும். தள்ளிப்போடுவது வேறு, புதைப்பது வேறு. வாரம் ஒரு மணி நேரமாவது அதற்கென வைத்திருந்தால் கனவு உயிரோடு இருக்கும்.

தேவாலயக் கூடத்தில் அடுத்த முறை ஒரு பெண், "இது சுயநலம் ஆகாதா?" என்று கேட்டால், உடன் இருப்பவர்கள் அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கலாம்: "இதனால் யாருக்கு நன்மை? யார்மீது சுமை கூடும்? அந்தச் சுமையில் எங்கள் பங்கு என்ன?" அந்தக் கடைசிக் கேள்விக்குக் கணவரும் பிள்ளைகளும் சபையாரும் பதில் சொல்லத் தொடங்கினால், ஐம்பது வயதுப் பெண்ணின் கனவு அவர் ஒருவருடையதாக மட்டும் இருக்காது.